தனியாக வேலை செய்கிற பிசியோக்கள் நாலு பேர் சேர்ந்து சக மதிப்பாய்வு செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?

சந்தியடி பிசியோ கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் பிசியோவாக இருக்கிறேன். அங்கே பிசியோ என்று நான் ஒருவன்தான். காலையில் கதவைத் திறந்தால் முழங்கால், இடுப்பு, தோள்மூட்டு என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நான் செய்வது சரிதானா, இன்னும் வடிவாகச் செய்யலாமா என்று சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் கிடையாது. வருத்தக்காரர் போகும்போது "இப்ப சுகம் தம்பி" என்று சொன்னால் அதுதான் எனக்குக் கிடைக்கிற ஒரே மதிப்பீடு. நோ குறைந்தது என் வைத்தியத்தாலா, நாள் போனதாலா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கூடப் படித்தவர்கள், பழகியவர்கள் என்று இந்தப் பக்கத்தில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் கிண்ணியாவில். இன்னொருவர் வீடுகளுக்குப் போய்ப் பாரிசவாதக்காரரைப் பார்ப்பவர். மூன்றாவது ஆள் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு தங்கச்சி. மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் கோப்பை ஒருவர் பார்த்துக் கதைப்போம் என்று நினைக்கிறோம். எந்தக் கோப்பை எடுப்பது? நாங்கள் விரும்பிய கேஸைக் கொண்டுவரலாமா? கடைசியில் என்ன எழுதி வைப்பது?

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தத் தங்கச்சி தயங்குகிறாள். முன்பு அவள் இருந்த ஓரிடத்தில் இதே பெயரில் எல்லோருடைய கோப்பையும் மேலதிகாரி முன்னால் விரித்துப் பிழை எண்ணியிருக்கிறார்கள். பிறகு அதையே வருட மதிப்பீட்டிலும் சேர்த்துவிட்டார்களாம். அவளை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்றும் சொல்லுங்கள்.

உவர்மலை அக்கா எழுதியது:

தம்பி, நல்ல வேலை தொடங்குகிறீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த விஷயத்தில் பிடிவாதம் அதிகம்.

முதலில் தங்கச்சியின் பயம். அது நியாயமான பயம். அவள் பார்த்தது கணக்காய்வு, அதுவும் கெட்ட விதமாக நடந்த கணக்காய்வு. சக மதிப்பாய்வில் மேலதிகாரிக்கு இடம் கிடையாது. பிரித்தானியாவின் சார்ட்டர்ட் சொசைட்டி ஒவ் பிசியோதெரபி 2005இல் வெளியிட்ட தரக்கோவையில் இதற்கென்று ஒரு முறையே இருக்கிறது. யார் என்னைப் பார்க்க வேண்டும் என்பதை நானே தெரிவு செய்வேன். எனக்கு நம்பிக்கையான, என் வேலையின் சாயல் தெரிந்த ஒருவரைக் கேட்பேன். எந்தக் கோப்பு என்பதை மட்டும் அவர் தெரிவு செய்வார். ஆளைத் தெரிவு செய்யும் உரிமை எனக்கு, கோப்பைத் தெரிவு செய்யும் உரிமை அவருக்கு. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் எல்லாம் கெட்டுப்போகும். ஆளை மேலிடம் தெரிவு செய்தால் அது விசாரணை. கோப்பை நானே தெரிவு செய்தால் நான் நன்றாகச் செய்த கேஸைத்தான் கொண்டுவருவேன்.

ஆகவே விரும்பிய கேஸ் வேண்டாம். கிளினிக் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, கடந்த மாதம் வந்தவர்களில் குறைந்தது மூன்று தடவையாவது வந்த ஒருவரை எழுந்தமானமாக எடுக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை மட்டும் வந்தவரின் கோப்பில் கதைப்பதற்கு ஒன்றும் இராது. உங்களுக்கே கஷ்டமாக இருக்கிற கேஸ் ஒன்று இருந்தால் அதை வேறொரு நாள் கேஸ் டிஸ்கஷனாக வையுங்கள். அதுவும் தேவைதான், ஆனால் இதற்குள் கலக்க வேண்டாம்.

இனி, என்ன பார்ப்பது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். திகதி போட்டிருக்கிறதா, கையொப்பம் இருக்கிறதா, எழுத்து விளங்குகிறதா என்று பார்த்து முடித்துவிடுவார்கள். அவை வேண்டும்தான், ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நீங்கள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி உட்காருவது வேறொன்றுக்காக: இந்த ஆளுக்கு இந்த வைத்தியத்தை ஏன் தெரிவு செய்தீர்கள் என்று கேட்பதற்காக.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நான் மதிப்பாய்வு செய்த கோப்பு, ஐம்பது கடந்த ஒரு அம்மா, இரண்டு முழங்காலும் தேய்மானம். முதல் நாள் மதிப்பீடு அழகாக இருந்தது. கோனியோமீட்டர் என்கிற கோணம் அளக்கும் கருவி வைத்து மடக்கம் அளந்து, வலது 95 பாகை, இடது 110 பாகை என்று எழுதியிருந்தார். நோ பத்துக்கு ஏழு. தொடைத்தசை பலம் ஐந்துக்கு நாலு. அதற்குக் கீழே "ஹொட் பாக், ஐஎஃப்டி, குவாட்ஸ் எக்சர்சைஸ்", அதாவது சூட்டு ஒத்தடம், மெஷினால் மின்னோட்டம் கொடுப்பது, தொடைத்தசைப் பயிற்சி. அடுத்த நாள் "கன்டினியூ". அதற்கடுத்த நாளும் "கன்டினியூ". பக்கம் முடியும்வரை அப்படியே.

நான் கேட்டது, "இந்த அம்மா எதைச் செய்ய முடியாமல் உங்களிடம் வந்தார்?" அவர் யோசிக்கவே இல்லை, உடனே சொன்னார். வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவராம். விடியற்காலை அடுப்படியில் குட்டிப் பலகையில் இருந்து பிழிந்துவிட்டு எழும்ப முடியாமல், மகள் வந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறதாம். அந்த ஆள் எவ்வளவு கவனமாக அந்த அம்மாவிடம் கதை கேட்டிருக்கிறார் என்று பாருங்கள்! எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் கோப்பில் ஒரு வரி இல்லை. கொடுத்த பயிற்சியோ கட்டிலில் படுத்துக்கொண்டு காலை நீட்டி உயர்த்துவது. தாழ்வான இடத்தில் இருந்து எழும்புவதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

நான் பிழை என்று ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. "அப்ப பலகை உயரத்தில் இருந்து எழும்பத்தானே பழக்க வேணும்" என்று அவரே சொன்னார். பிறகு இரண்டு பேருமாக இருந்து திட்டம் போட்டோம். உயரமான இருக்கையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தைக் குறைத்து எழும்பி இருக்கும் பயிற்சி. பிழியும் பலகையைத் தற்காலிகமாக உயர்த்தி மேசைப் பக்கம் வைக்க முடியுமா என்று மகளிடம் கதைப்பது. முன்னேற்றத்தை அளக்க 30 விநாடி எழும்பி இருக்கும் சோதனை. கைகளை நெஞ்சோடு குறுக்கே கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் கதிரையிலிருந்து எத்தனை தரம் முழுதாக எழும்புகிறார் என்று எண்ணுவது. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு, அந்த வருத்தத்தை ஆராய்கிற சர்வதேச அமைப்பான ஓர்சி 2013இல் பரிந்துரைத்த சோதனைகளில் அது ஒன்று. வழக்கமாகச் சுமார் 43 சென்ரிமீற்றர் உயரக் கதிரை. எங்கள் கிளினிக்குகளில் பிளாஸ்டிக் கதிரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், ஆகவே ஒரே கதிரைக்கு அடையாளம் போட்டு ஒவ்வொரு முறையும் அதையே பாவியுங்கள்.

இதை அவர் தனியாக இருந்து யோசித்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன், அதற்கும் அவருடைய திறமைக்கும் தொடர்பில்லை. மருத்துவர்கள் தங்களைத் தாங்களே எவ்வளவு சரியாக மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2006இல் ஜாமா என்கிற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சுய மதிப்பீடு பெரும்பாலும் வெளி மதிப்பீட்டோடு ஒத்துப்போகவில்லை. திறமை குறைந்தவர்களும் தன்னம்பிக்கை கூடினவர்களும்தான் மிக மோசமாகத் தங்களைக் கணித்தார்கள். தனியாக வேலை செய்கிற எங்களுக்கு இது பெரிய எச்சரிக்கை.

எழுதி வைப்பது ஒரு பக்கம் போதும். எந்த விஷயம் கதைத்தோம், எது நன்றாக இருந்தது, எதைப் படிக்க அல்லது பழக வேண்டும், எந்தத் திகதிக்குள். வருத்தக்காரர் பெயர், ஊர், கிளினிக் இலக்கம் எதுவும் அதில் வரக்கூடாது. அந்தத் தாள் யாருடைய கோப்பைப் பார்த்தோமோ அவருடைய கையிலேயே இருக்கட்டும். போட்டோகொப்பி யாருக்கும் இல்லை.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கோப்பை போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். கோப்பு இருக்கிற இடத்துக்கு மதிப்பாய்பவர் வரட்டும். கிளினிக் பொறுப்பாளரின் அனுமதியோடு வரட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையாக வைத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், எங்கள் ஊர் சின்ன ஊர். உவர்மலையில் கதைத்தது பின்னேரத்துக்குள் உப்புவெளிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கிண்ணியாப் பாலம் எழுதியது:

அக்கா சொன்ன இடியப்பக் கதையை வாசித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கம் அதே முழங்கால் தொழுகைப் பாயில் வந்து நிற்கும். சுஜூது செய்ய, அதாவது நெற்றியைத் தரையில் வைத்து வணங்க முடியவில்லை, கதிரையில் இருந்து தொழ வேண்டியிருக்கிறது என்பதுதான் பல உம்மாமாருக்குப் பெரிய கவலை. மார்க்கத்தில் கதிரையில் இருந்து தொழ இடம் இருக்கிறது, ஆனாலும் அவர்களுக்கு மனம் ஆறாது. கோப்பில் "ஃபங்ஷனல் லிமிட்டேஷன்: ஸ்ரெயர்ஸ்", அதாவது படி ஏறி இறங்கக் கஷ்டம் என்று எழுதுவோம். மாடிப்படியே இல்லாத வீட்டில் இருந்து வந்தவருக்கும் அப்படித்தான் எழுதுவோம்! படித்த படிவம் அப்படி.

ஆகவே என்னுடைய ஒரு யோசனை. கோப்பை ஆங்கிலத்தில் எழுதினாலும், வருத்தக்காரர் முதல் நாள் சொன்ன ஒரு வசனத்தை அவர் சொன்ன பாஷையிலேயே ஒரு மூலையில் எழுதி வையுங்கள். "குனிஞ்சு எழும்பேலாது", "வலை இழுக்கேலாது", எதுவோ அது. சிங்களத்தில் சொன்னால் சிங்களத்தை அப்படியே தமிழ் எழுத்தில். மதிப்பாய்பவர் கோப்பைத் திறந்ததும் அந்த வசனத்தை முதலில் பார்க்கட்டும். கீழே இருக்கிற வைத்தியம் அதற்குப் பதிலா இல்லையா என்று தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, நேரில் இருந்து பார்ப்பதாக இருந்தால் வருத்தக்காரரிடம் முதலே கேட்க வேண்டும். அதுவும் திரைக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கும்போது இன்னொரு ஆண் பிசியோவை "பார்க்க வந்திருக்கிறார்" என்று உள்ளே விடுவது எங்கள் பக்கம் நடக்காது, நடக்கவும் கூடாது. அந்தத் தங்கச்சி உங்கள் கூட்டத்தில் இருப்பது இந்த வகையிலும் முக்கியம்.

வீடு வீடாக எழுதியது:

கேள்வி கேட்டவர் சொன்ன "வீடுகளுக்குப் போகிறவர்" நான்தான். அக்கா சொன்னதில் முக்கால்வாசிக்கு ஆம். ஆனால் ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோப்பில் கை தெரியாது அக்கா. "ஷோல்டர் மொபிலைசேஷன், கிரேட் டூ" என்று எழுதியிருக்கும், தோள்மூட்டைக் கையால் அசைத்துக் கொடுத்தது என்று அர்த்தம். அதைச் செய்கிற கை எங்கே பிடிக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது, வருத்தக்காரரின் முகத்தைப் பார்க்கிறதா, இதெல்லாம் தாளில் எங்கே இருக்கிறது?

பாரிசவாதத்தில் இது இன்னும் பாரதூரம். பல வீடுகளில் முகட்டு வளையில் கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்துச் செயலிழந்த கையை மேலே தூக்க விட்டிருக்கிறார்கள். யாரோ எங்கோ பார்த்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வீட்டுக்காரர் பெருமையாகக் காட்டுவார்கள். பலமில்லாத தோளில் மூட்டைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. தோள்பட்டை எலும்பு கையோடு சேர்ந்து சுழலாமல் கை மட்டும் மேலே போனால் மூட்டுக்குள் நசிபடும், நோ தொடங்கும். அமெரிக்க இருதயச் சங்கத்தின் 2016ஆம் ஆண்டு பாரிசவாத மறுவாழ்வு வழிகாட்டியே தலைக்கு மேல் கப்பிப் பயிற்சி வேண்டாம் என்கிறது. கோப்பில் இது எப்படி வரும்? "ஹோம் எக்சர்சைஸ் எக்ஸ்பிளெய்ன்ட்" என்று ஒரு வரி. எந்தப் பயிற்சி, வீட்டில் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பது அந்த வரிக்குள் இல்லை. கூட வந்து பார்த்தால்தான் தெரியும்.

அதனால் நான் சொல்வது, கோப்பு ஒரு மாதம், நேரில் ஒரு மாதம். என்னோடு ஒருநாள் மோட்டார்சைக்கிளில் தம்பலகாமம் பக்கம் வாருங்கள், நான் செய்வதைப் பாருங்கள்.

சந்தியடி பிசியோ:

எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் இன்னும் ஒரு கேள்வி. இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளாவிட்டால்? அந்த அம்மாவின் கோப்பில் ஐஎஃப்டி இருந்ததல்லவா. எங்கள் கிளினிக்கில் மெஷின் வைக்காவிட்டால் ஆட்கள் "ஒன்றும் செய்யவில்லை, கதைத்துவிட்டு அனுப்பிவிட்டார்" என்பார்கள். முதலாளியும் மெஷினுக்குத்தான் கணக்குப் போடுகிறார். நான் அதை விட முடியாது என்பேன், பார்க்கிறவர் விடச் சொல்வார். அப்போது?

உவர்மலை அக்கா:

முதலில் வீடு வீடாகப் போகிற தம்பிக்கு: நீங்கள் சொல்வது சரி. கோப்பும் வேண்டும், கையும் வேண்டும். ஒல்லாந்தில் கீழ்முதுகு நோ வழிகாட்டியைப் பிசியோக்களிடம் கொண்டுசேர்க்க இரண்டு முறைகளை ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள். 2014இல் ஃபிசிக்கல் தெரபி இதழில் வந்தது. ஒரு பகுதியினர் கேஸ்களை வைத்துக் கலந்துரையாடினார்கள். மற்றப் பகுதியினரில் ஒருவர் பிசியோவாக, ஒருவர் வருத்தக்காரராக, ஒருவர் மதிப்பிடுபவராக இருந்து, முறை மாற்றி மாற்றிச் செய்து காட்டினார்கள். செய்து காட்டியவர்கள்தான் கூடுதலாக முன்னேறினார்கள். நாலு பேர் கூட்டத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். வருத்தக்காரரைத் தொந்தரவு செய்யாமலே கையைப் பார்க்கலாம், கிண்ணியாத் தம்பி சொன்ன திரைப் பிரச்சினையும் வராது. வருத்தக்காரராகக் கட்டிலில் படுத்திருப்பவருக்குத்தான் பிடி இறுக்கமா, சொல்வது விளங்குகிறதா என்று நன்றாகத் தெரியும்.

இப்போது ஒத்துக்கொள்ளாத விஷயம். யார் மூத்தவர், யார் எங்கே படித்தவர் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எழுதி வைத்துவிட்டுத் தேடிப் பாருங்கள். பிசியோ வைத்தியம் பற்றிய ஆய்வுகளைத் தேடுகிற பெட்ரோ தரவுத்தளம் 1999இலிருந்து இருக்கிறது, காசு இல்லை, எங்கள் துறைக்கென்றே செய்தது. ஐஎஃப்டி பற்றி நான் வாசித்ததைச் சொல்கிறேன். சிகிச்சை வழிகாட்டிகள் வெளியிடுகிற பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட தேய்மான வழிகாட்டி, எல்லோருக்கும் அவரவருக்கு ஏற்ற பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. ஐஎஃப்டி, டென்ஸ், அல்ட்ராசவுண்ட் போன்ற மின்சிகிச்சைகளைக் கொடுக்க வேண்டாம் என்கிறது, பலன் இருப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதால்.

அதற்காக நாளைக்கே மெஷினைத் துணி போட்டு மூடு என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடாது. உங்கள் வருமானமும் அந்தக் கதவுக்குள்ளேதான் இருக்கிறது, எனக்கு விளங்குகிறது. அவர் கேட்க வேண்டியது வேறு. "வருத்தக்காரர் உன்னோடு இருக்கிற அரை மணித்தியாலத்தில் மெஷின் எவ்வளவு நேரம், நீ எழுப்பி இருத்திப் பழக்குவது எவ்வளவு நேரம்?" அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள். மெஷின் இருபது நிமிடம், பயிற்சி ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பது மட்டும் என்றால், அதை எப்படித் திருப்புவது என்று இரண்டு பேரும் யோசிக்கலாம். அரை நிமிடச் சோதனையில் முதல் நாள் நாலு தரம் எழும்பியவர் ஒரு மாதத்தில் எட்டுத் தரம் எழும்பினால், "ஒன்றும் செய்யவில்லை" என்று அவரே சொல்ல மாட்டார். அந்த எண்ணிக்கையை வாய்விட்டு அவருக்குச் சொல்லுங்கள். நிறையப் பேர் அளந்துவிட்டு, கோப்பில் எழுதிவிட்டு, வருத்தக்காரருக்கே சொல்வதில்லை. அது எனக்குப் பெரிய மனக்குறை.

அதன் பிறகும் ஒத்துப்போகாவிட்டால் "ஒத்துப்போகவில்லை" என்றே எழுதுங்கள். திகதி போட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள்.

வெளிநாட்டில் இதெல்லாம் பதிவோடு கட்டியிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் பதிவு வைத்திருக்க வருடத்துக்கு 20 மணித்தியாலம் தொடர்கல்வி காட்ட வேண்டும். பிரித்தானியாவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்கும்போது நூற்றுக்கு 2.5 பேரை எழுந்தமானமாக எடுத்து, என்ன படித்தாய், அது வருத்தக்காரருக்கு என்ன செய்தது என்று கேட்கிறார்கள். நீங்கள் யாரும் கேட்காமலே தொடங்குகிறீர்கள், அதனால் உங்கள் கோப்புத் தாள் உங்களுக்காகவே இருக்கும். அந்தச் சுதந்திரத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் கூட்டத்தில் நாலு பேருடைய கோப்பும் வேண்டாம், ஒன்று போதும். தங்கச்சியின் கோப்பு நிச்சயமாக வேண்டாம். அவளை மதிப்பாய்பவராக இருக்கச் சொல்லுங்கள்.

சந்தியடி பிசியோ:

சரி அக்கா. தங்கச்சியிடம் இப்போதுதான் கதைத்தேன். என் பதிவுப் புத்தகத்தை அவளே பார்த்துத் தெரிவு செய்கிறாளாம், ஞாயிறு கிளினிக்குக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதலாளியிடமும் கேட்டாயிற்று, கோப்பு வெளியே போகாவிட்டால் சரி என்றார். மெஷின் கதையை முதல் நாளே எடுக்கச் சொல்லி நானே கேட்கப்போகிறேன்.